கடைசி அத்தியாயத்துக்கு முதல்

நாங்கள் இரண்டு பேரும் ஆங்கிலம் வாசிக்கப் பழகியது காதல் கதைகளில். ஒரு கொலையும் ஒரு ஜெபமும் இல்லாமல் கலியாணத்தில் போய் முடியாத காதல் கதைகள் அவை. இதைச் சொன்னால் இங்கேயுள்ள இலக்கிய நண்பர்கள் சிரிப்பார்கள். வந்த புதிதில் தாங்கள் காஃப்காவையும் காம்யுவையும் வாசித்ததாக அவர்கள் சொல்லுவார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், கோட்டுக் கொழுவும் கம்பிக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு தட்டு அலுமாரி ஒன்றுதான்.

1989 மார்கழியில் வந்து இறங்கினோம். 1979ஆம் ஆண்டு தொடக்கம் வியட்நாம், லாவோஸ் அகதிகளைக் கனடாவின் தேவாலயங்களும் அயலவர் குழுக்களும் தாங்களே பொறுப்பெடுத்து அழைத்தார்களே, அதே வழியில்தான் நாங்களும் வந்தோம். எங்களைப் பொறுப்பெடுத்த சபை ஒன்ராறியோவின் தென்மேற்கில், லண்டன் நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருந்த ஒரு சின்ன ஊரில் இருந்தது. ஊர் என்றால் ஒரு பெரிய தெரு. அதில் ஒரு சந்தி விளக்கு, ஒரு வங்கி, ஒரு கோப்பிக் கடை, தானியம் சேர்க்கிற ஒரு உயர்ந்த கோபுரம், மூன்று தேவாலயங்கள். அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் சோளம். மாரியில் சோளமும் இல்லை. வெள்ளை நிலமும் வெள்ளை வானமும் சந்திக்கிற கோட்டில் யாருடையதோ ஒரு மாட்டுக் கொட்டில் மட்டும் சிவப்பாக நிற்கும்.

அடுத்த ஊரில் கோழி உரிக்கிற தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தைக் கூட்டித் துடைப்போம். அதைச் செய்யச் சொல்லி யாரும் எங்களைக் கேட்கவில்லை. எங்களைக் கூப்பிட்ட சனத்துக்கு வேறு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் நாங்களாகவே கேட்டு எடுத்த வேலை. மண்டபத் திறப்பு ஒன்றை எங்களிடம் தந்தார்கள். அந்தத் திறப்பு பிறகு வரும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். எங்களில் ஒருவர் சைவம், மற்றவர் வேதம். யார் எது என்பது எங்கள் ஊர்ச் சனத்துக்கு மட்டும்தான் பெரிய விஷயமாக இருந்தது. ஆகவே அதை விட்டுவிடுகிறோம். 1987இல் கொழும்பில் பதிவுத் திருமணம் செய்தோம். ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்தால் கதவு திறக்கும் என்றது ஒரு வீடு. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்தால் பார்ப்போம் என்றது மற்ற வீடு. கடைசியில் எங்கள் கலியாணத்துக்கு வந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்களில் ஒருவரின் தம்பி. சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

தேவாலய அலுமாரிக்குப் பொறுப்பாக எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா இருந்தா. கமக்காரர் ஒருவரின் விதவை. எங்களுக்குள் கதைக்கும்போது அவவுக்குப் புத்தகாச்சி என்று பெயர் வைத்திருந்தோம். முதற் சனிக்கிழமையே தும்புத்தடியும் கையுமாக நின்ற எங்களிடம் வந்து, 'இங்கிலிஷ் படிக்கவேணும் என்றால் சின்னப் பிள்ளைகளின்ர புத்தகத்தை எடுக்கவேண்டாம். அதில என்ன நடக்கப் போகுது என்று அறியிற ஆசை வராது' என்று சொல்லி ஒரு புத்தகத்தை நீட்டினா. அல்பேட்டாவில் 1935இல் பிறந்த ஜனெற் ஓக் எழுதி 1979இல் வெளிவந்த 'லவ் கம்ஸ் சொஃப்ற்லி'. வண்டியில் மேற்கு நோக்கிப் போன இளம் பெண்ணொருத்தி புல்வெளி நடுவில் புருஷனைப் பறிகொடுக்கிறாள். தாயில்லாத மகளோடு நிற்கும் ஒருவன், தங்க இடம் தருகிறேன், பிள்ளைக்குத் தாயாக இரு என்று கேட்கிறான். பிறகு மெல்ல மெல்ல அன்பு வருகிறது. அன்புக்கு முதல் விசுவாசம் வருகிறது. அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு அந்த மாரி முழுவதும் அதை வாசித்தோம். அந்நியமான குளிர் நாடொன்றில், முன்பின் தெரியாத ஆட்களின் கூரைக்குக் கீழே கண் விழிக்கிற அந்தப் பெண்ணை விளங்கிக்கொள்ள எங்களுக்கு அகராதி தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகுதான் புத்தகாச்சி தன்னுடைய உண்மையான பொக்கிஷத்தைத் திறந்தா. கீழ்த் தட்டில் இருந்தவை பயம் கலந்த காதல் கதைகள். மர்மமும் விசுவாசமும் ஒன்றாகப் பின்னிய இவ்வகை எழுத்து அமெரிக்காவில் பழையது. கிறேஸ் லிவிங்ஸ்ரன் ஹில் என்ற அம்மையார் 1908இலேயே 'த கேர்ள் ஃப்றொம் மொன்ரானா' என்று ஒரு நாவல் எழுதினார். சகோதரனைக் கொன்றவனுக்குத் தப்பிக் குதிரையில் ஓடும் ஒரு பெண், வழியில் ஒரு அந்நியனையும் கடவுளையும் சந்திக்கிறாள். 1947இல் இறக்கும்வரை அவர் நூற்றுக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதியிருக்கிறார். அவருடைய பழைய பிரதிகள், மட்டை பழுப்பேறி, எங்கள் அலுமாரியிலும் இருந்தன.

இந்தக் கதைகளின் அமைப்பு பத்துப் புத்தகம் வாசித்தவர்களுக்கு மனப்பாடம். ஒரு சின்ன ஊர். நகரத்துக்குப் போன பெண்ணொருத்தி, பேத்தியார் விட்டுப்போன வீட்டைப் பார்க்கத் திரும்பி வருகிறாள், அல்லது யாருக்கோ பயந்து முகம் தெரியாத ஊருக்குள் வந்து சேருகிறாள். கதவிடுக்கில் ஒரு மிரட்டல் கடிதம். இரவில் யன்னலுக்கு வெளியே ஒரு நிழல். ஊர்ப் பொலிஸ்காரனோ மிருக வைத்தியனோ உதவிக்கு வருகிறான். நல்லவன். ஆனால் ஏதோவொரு இழப்பால் கடவுளோடு கோபித்துக்கொண்டு தேவாலயப் பக்கம் போகாதவன். கொட்டில் எரிகிறது. கார் பனியில் சறுக்குகிறது. அவள் ஜெபிக்கிறாள். குற்றவாளி கடைசியில் ஊரில் எல்லோரும் மரியாதை கொடுக்கிற ஒருவனாக இருப்பான். ஆபத்தின் உச்சியில் அவனும் முதல் தடவையாக ஜெபிக்கிறான். கடைசி அத்தியாயத்தில் கலியாணம், அதே ஊர்த் தேவாலயத்தில்.

கெட்ட வார்த்தை இல்லை, மது இல்லை, முத்தத்துக்கு மேல் ஒன்றுமில்லை. இவற்றையெல்லாம் விட இறுக்கமான சட்டம் ஒன்று உண்டு. விசுவாசியும் அவிசுவாசியும் ஒரு நுகத்தில் பூட்டப்படக்கூடாது என்ற பவுலின் கட்டளை அது. ஆகவே இரண்டு பேரில் நம்பாதவர் மனம் திரும்பாமல் கலியாணம் நடக்காது. கொலைகாரன் யார் என்ற மர்மத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மர்மமும் ஓடிக்கொண்டிருக்கும். இவன் எப்போது முழங்காலில் விழுவான்?

இதை வாசித்து எங்களில் சைவமானவர் சிரித்தார். 'அப்ப நாங்கள் இன்னும் கடைசி அத்தியாயத்துக்கு வரேல்லை' என்றார். கோபப்பட்டவர் வேதக்காரர்தான். 'எங்கட சனத்தின்ர விசுவாசம் இப்பிடிக் கணக்குப் பார்க்கிற விசுவாசம் இல்லை' என்று புத்தகத்தை மூடி வைத்தார். கொஞ்ச நேரத்தால் அவரே திரும்ப எடுத்தார். கடிதம் எழுதினவன் யார் என்று தெரியவேண்டியிருந்தது.

கோபப்பட்டவருக்குப் பிற்காலத்தில் ஒரு செய்தி கிடைத்தது. விசுவாசக் கதைக்குள் திருடனை விடுகிற வித்தை எங்களுக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலர் நியூ இங்லண்ட் பக்கத்துச் சின்ன ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய முயற்சிகளைச் சூழ்ந்து வளர்ந்த அச்சு உலகத்தில், 1856இல், 'காவலப்பன் கதை' என்று ஒரு நூல் தமிழில் வந்தது. ஹன்னா மோர் எழுதிய ஆங்கிலக் கதையொன்றின் மொழிபெயர்ப்பு. வீட்டு வாசலைக் காக்கிற ஒருவனை வெளியே நிற்கும் கள்ளர் நயமாகப் பேசி மயக்குகிறார்கள். உள்ளே ஒருவன் திறக்காமல் வெளியே நிற்பவன் நுழைய முடியாது என்பது அதன் போதனை. தமிழ்ப் புனைகதையின் ஆரம்பங்களைத் தேடுகிறவர்கள் அந்த நூலையும் கணக்கில் எடுக்கிறார்கள். சின்ன ஊர்களிலிருந்து எங்களிடம் கதை கொண்டுவந்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு நாங்கள் அகதிப் பத்திரத்தோடு அப்படியொரு சின்ன ஊருக்குப் போய், அவர்களுடைய அலுமாரிக்கு முன்னால் நின்றோம்.

புத்தகாச்சி ஒருமுறை பிழையான புத்தகம் ஒன்றும் தந்தா. ஃபிராங் பெரெற்றி 1986இல் எழுதி இருபது இலட்சத்துக்கு மேல் விற்ற நாவல். அதில் ஒரு சின்னக் கல்லூரி ஊரின் மேலே தேவதூதரும் பிசாசுகளும் வாளோடு சண்டை பிடிக்கிறார்கள். கீழே ஊர்ப் போதகரும் ஊர்ப் பத்திரிகை ஆசிரியரும் ஒரு சதியைத் துப்புத் துலக்குகிறார்கள். கிழக்கத்தையத் தியானம் பிசாசு உள்ளே வருகிற வாசல் என்பது கதையின் ஒரு முக்கிய முடிச்சு. எங்கள் குசினிச் சுவரில் ஒரு பிள்ளையார் படம் இருந்தது. எங்களில் ஒருவர் விடிய வேலைக்குப் போக முதல் அதற்கு முன்னால் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்கிற வழக்கம். அடுத்த கிழமை புத்தகாச்சி அப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தபோது படத்தைக் கண்டுவிட்டா. யார் இது என்று கேட்டா. தடைகளை நீக்குகிறவர், எதையும் தொடங்க முதல் கும்பிடுகிறவர் என்று எங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னோம். கொஞ்சம் யோசித்தா. 'எங்கட சபையின்ர கூரை திருத்த வேலைக்கு இவர் உதவியாய் இருந்திருப்பார்' என்றா. போகும்போது அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனா. அதைப் பற்றி அவவும் கதைக்கவில்லை, நாங்களும் கதைக்கவில்லை.

இனி அந்தத் திறப்பு.

1990 இலையுதிர் காலத்தில் சபையின் வருடாந்த வான்கோழிச் சாப்பாடு நடந்தது. சுற்று வட்டாரம் முழுவதும் ரிக்கற் வாங்கிச் சாப்பிட வரும். இரவு பதினொரு மணி வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கோப்பை கழுவினோம். அடுத்த நாள் பார்த்தால் காசு வைத்த தகரப் பெட்டியைக் காணவில்லை. கதவு உடையவில்லை. மண்டபத் திறப்பு நாலு பேரிடம் இருந்தது. அந்த நாலில் ஒன்று எங்களுடையது.

யாரும் எங்களை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று பிறகு நினைத்தோம். முன்பு கோப்பிக் கடையில் தலையாட்டிவிட்டுப் போனவர்கள், அந்த நாட்களில் நின்று சிரித்து, குளிர் எப்படி என்று கேட்டார்கள். சபைக் குழுவில் ஒருவர் மட்டும், 'அண்டைக்கு இரவு வேற யாரையும் கண்டனீங்களோ?' என்று மெதுவாகக் கேட்டார். 'வேற' என்ற அந்தச் சொல்லை வைத்து நாங்கள் அன்று இரவு முழுவதும் கதைத்தோம்.

அதற்குள் இவ்வகைப் புத்தகங்கள் ஏழு எட்டு வாசித்திருந்தோம். ஆகவே எங்கள் பாத்திரம் எங்களுக்கு வடிவாகத் தெரிந்திருந்தது. ஊருக்குப் புதிதாக வந்தவன், கையில் திறப்பு வைத்திருப்பவன், பழைய வாழ்க்கை யாருக்கும் தெரியாதவன். நாற்பதாம் பக்கத்தில் எல்லோருடைய கண்ணும் அவன் மேல் விழும். புத்தகம் என்றால் வாசிக்கிற ஆளுக்கு அவன் குற்றவாளி இல்லை என்பது அப்போதே தெரியும். எங்களுக்கு அப்படி ஒரு வாசகர் இல்லை. இலங்கையில் சோதனைச் சாவடிகளில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அது தெரியாத பயமல்ல. ஆனால் அங்கே அடையாள அட்டை கேட்பார்கள். இங்கே குளிர் எப்படி என்று கேட்டார்கள்.

பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் பியானோ வாசிக்கிறவர் இருக்கையின் மூடியைத் திறந்து பாட்டுப் புத்தகம் எடுக்கப் போனபோது பெட்டி உள்ளே இருந்ததாம். அன்றிரவு காசு எண்ணின வயோதிபர் பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே வைத்துவிட்டு மறந்துபோனாராம். இந்த 'ஆம்' எல்லாம் நாங்கள் பல மாதம் கழித்துக் கேட்டவை. அந்த ஞாயிற்றுக்கிழமை சபைத் தாளில் சாப்பாட்டால் வந்த தொகையும் எல்லோருக்கும் நன்றியும் மட்டும் அச்சாகியிருந்தன. புத்தகத்தில் என்றால் இந்த இடத்தில் ஊர் கூடி மன்னிப்புக் கேட்கும். எங்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. சந்தேகிக்கவே இல்லை என்ற பாவனையில் இருந்தவர்கள் எதற்காக மன்னிப்புக் கேட்பது?

அன்று பின்னேரம் புத்தகாச்சி வந்தா. கையில் புத்தகமும் இல்லை, பையும் இல்லை. கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தா. 'நான் முதல் நாளே வந்திருக்கவேணும். பெட்டி கிடைக்கட்டும், பிறகு போவம் என்று இருந்திட்டேன்' என்றா. தான் எங்களைச் சந்தேகிக்கவில்லை என்று அவ சொல்லவில்லை. அதனால்தான் அவ சொன்னது முழுவதையும் நம்பினோம்.

அந்தப் பின்னேரம்தான் நாங்கள் தம்பியைப் பற்றி முதல் தடவையாக அந்த ஊரில் ஒருவருக்குச் சொன்னோம்.

1990 ஆனி நடுப்பகுதியில், பேச்சுவார்த்தை முறிந்து சண்டை திரும்பத் தொடங்கிய அந்தக் கிழமையில், பாஸ்போட் எடுப்பதற்காக அவர் கொழும்புக்குப் புறப்பட்டார். வவுனியாவில் பஸ் ஏறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். கொழும்பில் இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. யார் பிடித்தார்கள் என்று இரண்டு கதைகள் வந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டையும் சொன்னவர்கள் தாங்கள் கண்ணால் கண்டதாகச் சொன்னார்கள். கடிதங்கள் எழுதினோம். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினோம். பதில்கள் வந்தன, செய்தி வரவில்லை.

கேட்டுவிட்டு, எங்கள் சபையில் இப்படியான இடத்தில் எல்லோரும் சொல்லுகிற வசனத்தைப் புத்தகாச்சியும் சொல்லுவா என்று காத்திருந்தோம். கடவுள் ஒரு கதவை மூடினால் என்று தொடங்குகிற வசனம். அவ சொல்லவில்லை. பெயர் என்ன என்று கேட்டா. மூன்று தரம் சொல்லிப் பழகினா. கைப்பையில் கிடந்த உறையொன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனா.

அடுத்த ஞாயிறு சபைத் தாளின் கடைசிப் பக்கத்தில், ஜெபத்தில் நினைக்கவேண்டியவர்கள் என்ற பட்டியலில், தம்பியின் பெயர் இருந்தது. நடுவில் ஒரு எழுத்து இல்லாமல். மற்றவர்களின் பெயருக்குப் பக்கத்தில் இடுப்பு ஒப்பரேஷன், புற்றுநோய், முதற் பிரசவம் என்று காரணம் போட்டிருந்தது. தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. மற்றப் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. சுகமானவர்களின் பெயரை எடுத்தார்கள், இறந்தவர்களின் பெயரை எடுத்தார்கள். தம்பியின் பெயர் ஒவ்வொரு கிழமையும் இருந்தது. எட்டு வருஷம் அந்த ஊரில் ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கண்டோம். எங்களில் தேவாலயத்துக்குப் போகாதவரும் அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்லி, கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பார்.

மனம் திரும்புவது எப்போது என்று சபையில் வேறு சிலர் சாடைமாடையாகக் கேட்டிருக்கிறார்கள். புத்தகாச்சி ஒருநாளும் கேட்கவில்லை. அவ வாசித்த நூற்றுக்கணக்கான கதைகளில் ஒன்றில்கூட எங்களைப் போன்ற ஒரு சோடி அப்படியே இருந்து கிழடாகிப் போனதில்லை. இதைப் பற்றி அவ என்ன நினைத்தா என்று நாங்களும் கேட்கவில்லை.

1998இல் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டோம். வந்த முதல் வருஷம் எங்களுக்கு நல்லதாக இருக்கவில்லை. இரண்டு வேலை, நெருக்கமான அறை, பத்து வருஷமாகக் கதைக்காமல் விட்ட கதைகள். அந்த வருஷம் தபாலில் புத்தகாச்சியிடமிருந்து ஒரு புத்தகம் வந்தது. ரெறி பிளாக்ஸ்ரொக் எழுதிய 'பிறைவேற் ஜஸ்ரிஸ்'. முன்னர் புனைபெயர்களில் சாதாரணக் காதல் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்து, பிறகு அதை விட்டு விசுவாச மர்மக் கதைக்கு வந்தவர் அவர். லூசியானாவில் நியூபொயின்ற் என்று ஒரு கற்பனை ஊர். தீயணைப்பு வீரர்களின் மனைவிமார் கொல்லப்படுகிறார்கள். பிரிந்து வாழத் தொடங்கியிருந்த ஒரு தம்பதி அந்தப் பயத்தில் திரும்பவும் ஒன்று சேர வேண்டி வருகிறது. புத்தகாச்சி எதையும் தெரிந்து அனுப்பினாவா, புதிதாக வந்த புத்தகம் என்று அனுப்பினாவா என்பதை இன்று வரைக்கும் எங்களால் தீர்மானிக்க முடியவில்லை. அதை இரண்டு பேரும் தனித்தனியாக வாசித்தோம். ஒரே பக்கத்தில் இரண்டு அடையாளத் துண்டுகள் இருந்ததைக் கண்டு ஒருநாள் சிரித்தோம். அதற்குப் பிறகு கதைக்கத் தொடங்கினோம்.

அந்தக் காலத்தில் இவ்வகைக் கதைகள் அலுமாரிக் கரையிலிருந்து பெரிய வியாபாரத்துக்கு வந்துகொண்டிருந்தன. வினிப்பெக்கில் 1949இல் தொடங்கி, 1971இல் இங்கிலாந்தின் மில்ஸ் அன்ட் பூனையும் வாங்கிய ஹார்லெக்குயின் நிறுவனம், 1997இல் கிறிஸ்தவக் காதல் கதைகளுக்கென்று ஒரு வரிசையைத் தொடங்கியது. 2005இல் அதற்குள் மர்மக் கதைக்கென்று 'லவ் இன்ஸ்பயேட் சஸ்பென்ஸ்' என்ற தனி வரிசை வந்தது. கைக்கடக்கமான புத்தகங்கள். பேரங்காடியில் ரொட்டிக்குப் பக்கத்தில் விற்றார்கள். புத்தகாச்சி வாசித்து முடித்தவற்றை எங்களுக்கு அனுப்புவா. ஒவ்வொன்றின் உள் மட்டையிலும் தான் வாசித்ததற்கு அடையாளமாகப் பென்சிலால் தன் முதலெழுத்தை எழுதியிருப்பா. பொதியில் அந்த மாதத்துச் சபைத் தாள்களும் இருக்கும். கடைசிப் பக்கத்தில் தம்பி இருப்பார்.

2009 வைகாசியில் தொலைக்காட்சியில் முல்லைத்தீவைக் காட்டினார்கள். அன்றிரவு தொலைபேசி அடித்தது. 'செய்தி பார்த்தேன்' என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ரிசீவரை வைத்துக்கொண்டு மூன்று பேரும் இருந்தோம். அந்த நேரம் அவவுக்குத் தொண்ணூறை எட்டிய வயது.

எங்களுக்குள் பழைய வாக்குவாதம் ஒன்று உண்டு. வேதக்காரர் யோபுவைச் சொல்லுவார். இழந்ததெல்லாம் யோபுவுக்கு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. ஆனால் செத்த பிள்ளைகள் திரும்பி வரவில்லை, வேறு பிள்ளைகள் பிறந்தார்கள், அந்தத் தாய் எந்தப் பிள்ளையை நினைத்து அழுதிருப்பாள் என்று கேட்பார். சைவக்காரர் அவிநாசியைச் சொல்லுவார். முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்டபோது, இடையில் போன வருஷங்களின் வளர்ச்சியோடு பிள்ளை வெளியே வந்தது. இவருக்கு அந்தக் கதையில் பிடித்தது மீட்டது அல்ல. அந்த வீட்டில் அத்தனை வருஷமும் தாயும் தகப்பனும் அழுதுகொண்டிருந்தார்கள் என்பதைப் புராணக்காரர் மறக்காமல் சொன்னதுதான். தம்பி வந்தால் இப்போது என்ன வயதோடு வருவார் என்று நாங்களும் கணக்குப் பார்ப்போம். தலை நரைத்திருக்கும்.

எங்களுக்கு ஒருகாலத்தில் அந்தப் புத்தகங்கள் மேல் கோபம் இருந்தது. காணாமற்போனவர் இருநூற்று இருபதாம் பக்கத்துக்குள் கிடைத்துவிடுகிறார், பிடித்தவன் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, இது பொய் என்று நினைத்தோம். இப்போது அந்தக் கோபம் இல்லை. முடிவு கிடைக்கிற கதைகளை ஆயிரம் தடவை வாசித்த ஒரு கிழவி, முடிவில்லாத ஒரு பெயரை ஒவ்வொரு கிழமையும் எழுதிக்கொண்டிருந்தா. அவவுக்கு அந்தப் பொறுமை புத்தகங்களிலிருந்து வந்ததா, புத்தகங்களை மீறி வந்ததா என்று தெரியாது. 2017 மாசி தொடக்கம் கிளிநொச்சியில் தெருவோரக் கொட்டிலில் பிள்ளைகளின் படத்தோடு இருந்த தாய்மாரைச் செய்தியில் கண்டபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சபைத் தாளின் கடைசிப் பக்கம்தான்.

புத்தகாச்சி 2012 மாரியில் காலமானா. பனிப் புயலுக்குள் கார் ஓட்டிக்கொண்டு போனோம். மண்டபத்தில் அலுமாரி அதே இடத்தில் நின்றது. மரண ஆராதனை முடிந்து கோப்பியும் சான்விச்சும் கொடுத்தபோது, பழக்கத்தில் எழும்பிப் போய்க் கோப்பை கழுவினோம். ஒருவரும் தடுக்கவில்லை.

அடுத்த வருஷம் சபை அலுவலகத்திலிருந்து ஒரு இளம் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவளாம். ஜெபப் பட்டியலைத் துப்புரவாக்குகிறாளாம். 'இந்தப் பெயர் யாருடையது என்று இங்கே ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. உங்களுடைய இலக்கம்தான் பக்கத்தில் எழுதியிருக்கு. அவருக்கு என்ன மாதிரி? எடுத்துவிடலாமா?'

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இருக்கட்டும் என்றோம்.

எழுத்து விட்டுப்போனது போலத் தெரிகிறது, திருத்தவா என்று கேட்டாள்.

வேண்டாம், அவ எழுதினபடியே இருக்கட்டும் என்றோம்.